ஏட்டில் இல்லாத பெயர்

பெரியப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். செம்மண் தரை, வெள்ளையடித்த எல்லைக் கற்கள், நட்டு ஒரு மாதம்கூட ஆகாத வேப்பங்கன்றுகள். கூடவே அவருடைய குரல் பதிவு.

“தம்பி, திருச்சி பக்கம் மனை ஒன்னு பார்த்திருக்கேன். பட்டா இருக்கு, பத்திரம் இருக்கு, எல்லாம் கிளியர்னு சொல்றாங்க. நீ ஒரு வாட்டி பார்த்துச் சொல்லு லா. நீதான் இஞ்சினியராச்சே.”

நான் ஸ்கூடாயில் படித்த சிவில் பொறியாளன். சாலை கட்டுமானத்தில் வேலை. லோட் எண், எல்லைக் கல், நில அளவை வரைபடம் எல்லாம் தினமும் கையில் புரள்பவை. நம்மூர் கெரானைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் படித்துவிடுவேன். யார் பெயர், என்ன பரப்பு, எத்தனை வருடக் குத்தகை, வங்கி அடமானம் உண்டா, எல்லாம் ஒரே ஆவணத்தில் இருக்கும்.

பெரியப்பா அனுப்பிய கோப்பில் ஏழு விதமான தாள்கள் இருந்தன. கிரயப் பத்திரம், மூலப்பத்திரத்தின் நகல், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, புலப்படம். ஏழையும் படித்து முடித்த பிறகும் “இந்த நிலம் இவருடையதுதான்” என்று அரசாங்கம் சொல்லும் ஒரு வரி எதிலும் கிடைக்கவில்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அப்படி ஒரு வரி அங்கே கிடையாது. ஏன் கிடையாது என்று தேடப் போனதில் வந்தது இந்தக் கட்டுரை.

தேடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு நிலம் இருந்தது. அல்லது இருந்ததாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

தாத்தா 1937-இல் பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டினார். தம்பியை மட்டும் ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தாத்தா தம்பிக்கு மணியார்டர் அனுப்பிக்கொண்டே இருந்தார். தம்பி அந்தப் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கினார். 1974-இல் தாத்தா ஊருக்குப் போனபோது தம்பி வரப்பில் நின்று கையை நீட்டிக் காட்டி, “இதெல்லாம் நம்ம நிலம்ணா” என்றாராம். அந்த ‘நம்ம’ என்ற சொல்லை நம்பித்தான் தாத்தா கடைசிவரை இருந்தார். இருவரும் இறந்த பிறகு பெரியப்பா ஒருமுறை போய்க் கேட்டதற்கு அங்கே வந்த பதில் சுருக்கமானது. “பத்திரம் எங்கப்பா பேர்லதானே இருக்கு?”

அவர்கள் சொன்னது பொய் இல்லை. மணியார்டர் ரசீதுகள் பாட்டியின் பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்கிய நிலத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடும் கதவை இந்தியாவின் 1988 பினாமிச் சட்டம் பெரும்பாலும் சாத்திவிட்டது.

அதே வருடங்களில் தாத்தா குடியிருந்த தோட்டத்து லயத்து வீடு கம்பெனியின் கெரானுக்குள் இருந்தது. இரண்டு நாடுகள், இரண்டு ஏடுகள், இரண்டிலும் அவர் பெயர் இல்லை.

*

நம் பக்கத்துக்காரர் ஒருவருக்குத் தமிழ்நாட்டில் நிலம் எழுதிக் கொடுத்த பழைய ஆவணம் ஒன்று உண்டு. ஆனைமங்கலம் செப்பேடுகள். நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் லைடன் செப்பேடுகள் என்றும் சொல்வார்கள். கடாரத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டி முடிக்கிறான். கடாரம் என்றால் நம் கெடா. அந்த விகாரத்தின் செலவுக்காக முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிவைக்கிறான். 97 வேலிக்குச் சற்று அதிகமான நிலம். ஆண்டுக்கு 8,900 கலத்துக்கும் மேல் நெல்.

ஒரு சிவில் பொறியாளனாக எனக்கு இதில் பிடித்த இடம் எல்லை காட்டும் இடம். சோழர் காலத்தில் கொடை நிலத்தின் எல்லையைப் ‘பிடி சூழ்ந்து’ காட்டினார்கள். ஒரு பெண் யானையை நிலத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போவார்கள். அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் பின்னாலேயே நடப்பார்கள். யானை நடந்த வழி எல்லை. அங்கங்கே கல்லும் கள்ளியும் நடுவார்கள். இன்று ஜி.பி.எஸ். வைத்து அளக்கிறோம். யானை செய்த ஒரு வேலையை ஜி.பி.எஸ். செய்யாது. ஊரில் இருந்த யாருக்கும் “எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது” என்று சொல்ல வழியில்லை. யானை வருவது எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கதையின் பிற்பகுதியும் முக்கியம். ராஜராஜன் கொடுத்த கொடையை நிரந்தர சாசனமாக்கியவன் அவனுக்குப் பின் வந்த மகன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் 1025 வாக்கில் கடாரத்தின் மீது படையெடுத்தான். பிறகு 1090 வாக்கில் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கடாரத்துத் தூதர்கள் மறுபடியும் வந்து, விகாரத்துக்கு உரிய ஊர்களின் வரிவிலக்கை உறுதிசெய்து புதிய செப்பேடு வாங்கிப் போகிறார்கள். முதல் செப்பேட்டில் 21 இதழ்கள். இது சிறியது, மூன்றே இதழ்கள்.

செம்பில் வெட்டி வைத்த பிறகும் சுமார் 84 வருடம் கழித்து ஆள் அனுப்பி நினைவூட்ட வேண்டியிருந்தது. கடலுக்கு அப்பால் இருக்கிறவனின் நிலம் எப்போதும் இப்படித்தான் போலும். அவன், அல்லது அவன் ஆள், அவ்வப்போது ஏட்டுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. கடாரத்து அரசனால் தூதர்களை அனுப்ப முடிந்தது. பால் வெட்டுகிறவருக்குத் தம்பிதான் தூதர்.

*

தமிழ்நாட்டில் ஏன் ஏழு தாள் என்ற கேள்விக்கு விடை பிரிட்டிஷ் காலத்தில் இருக்கிறது.

அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1792 முதல் பாராமகால் பகுதியில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், நிலங்களை அளந்து ஒவ்வொரு விவசாயிக்கும் நேரடியாக வரி விதித்தார்கள். இதுதான் ரயத்வாரி முறை. மன்றோ 1820-இல் சென்னை கவர்னரான பிறகு அது மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. பட்டா என்பது இந்த ஏற்பாட்டில் ஊன்றிய சொல். அந்தப் பட்டாவுக்குப் பின்னால் இருந்த கேள்வி “இந்த நிலம் யாருடையது?” என்பதல்ல, “இந்த நிலத்துக்கு யாரிடம் வரி வாங்குவது?” என்பது. இரண்டும் பல நேரம் ஒரே ஆள்தான். ஆனால் எப்போதும் அல்ல. அதனால்தான் வருவாய்த் துறையின் பதிவு மட்டும் உரிமையைத் தந்துவிடாது என்று இந்திய நீதிமன்றங்கள் இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. 1979-இல் தொடங்கி நில ஏடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் நடந்த பிழைகளைத் திருத்தச் சொல்லி இப்போதும் மக்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் பதிவுத் துறை. அதன் அடிப்படை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவது நிலம் அல்ல, பத்திரம். “இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்கு இதை விற்றதாக எழுதிக் கொடுத்தார்” என்பதற்கு அந்த அலுவலகம் சாட்சி. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அது சாட்சி அல்ல. தமிழ்நாடு அரசு 2022-இல் பதிவு விதிகளில் 55ஏ என்று ஒன்றைச் சேர்த்து, விற்கிறவர் தன் மூல ஆவணத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டினால்தான் பதிவு என்றது. 2025 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தள்ளியது. விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்ல, அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதே காரணம்.

முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் வேண்டுமானாலும் யார் நிலத்தையும் விற்றதாகப் பதிவு செய்யலாமா? யோசித்தால் தீர்ப்பின் தர்க்கம் சரி. அந்த ஏடு எதை உறுதி சொல்வதற்காக உருவானதோ அதைத்தான் சொல்லும். மீதியைத் தேடிக் கண்டுபிடிப்பது வாங்குகிறவர் பாடு. ஏழு தாள்களும் ஏழு சாட்சிகள். தீர்ப்பை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

*

நம்மூர் முறை வேறொரு ஊரிலிருந்து வந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சுங்க அதிகாரியாகச் சேர்ந்தவர் ராபர்ட் டோரன்ஸ். பழைய ஆங்கிலேய முறையில் ஒரு நிலத்தை வாங்க அதற்கு முந்தைய பத்திரங்களை எல்லாம் சங்கிலி போலப் பின்னோக்கி ஆராய வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் வம்பு. கப்பல்களின் உரிமை ஒரு பதிவேட்டில் பெயர் மாறுவதோடு கைமாறுகிறதே, நிலத்துக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். ஹாம்பர்க்கிலிருந்து வந்த உல்ரிக் ஹியூபே என்ற வழக்கறிஞருக்கும் இதில் பங்குண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியோ, 1858-இல் சட்டம் வந்தது. அதன்படி பதிவேடு உரிமைக்குச் சாட்சி அல்ல, பதிவேடுதான் உரிமை. பத்திரச் சங்கிலியைத் தோண்ட வேண்டாம், ஏட்டைத் திறந்து கடைசிப் பெயரைப் பார்த்தால் போதும். அரசாங்கத்தின் தவறால் யாராவது நிலத்தை இழந்தால் ஈடுகட்ட ஒரு நிதியும் வைத்தார்கள்.

வில்லியம் மேக்ஸ்வெல் என்ற காலனி அதிகாரி இந்த முறையை ஆராய்ந்து இங்கே வாதாடினார். அவர் சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்தபோது 1891-இல் அங்கே சட்டமாயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பேராக், நெகிரி செம்பிலான், பகாங்கும் பின்தொடர்ந்தன. ரப்பருக்கும் ஈயத்துக்கும் லண்டனிலிருந்து முதல் போடுகிறவருக்கு ஒரே தாளில் உத்தரவாதம் வேண்டியிருந்தது. பினாங்கிலும் மலாக்காவிலும் மட்டும் பழைய பத்திர முறை நீடித்தது. 1966 சனவரி முதல் நாள் தேசிய நிலச் சட்டம் நடப்புக்கு வந்தபோதுதான் தீபகற்பம் முழுவதும் ஒரே முறைக்குள் வந்தது.

அதனால்தான் இங்கே நிலம் வாங்குகிறவர்கள் நில அலுவலகத்தில் ‘சாரியான் ரஸ்மி’ ஒன்று எடுத்தால் பாதி வேலை முடிந்தது. நம் அலமாரியில் இருக்கும் கெரான் ஒரு பிரதிதான். உண்மையான ஏடு அலுவலகத்தில் இருக்கிறது. உரிமையாளர், அடமானம், தடை மனு, நிலப் பயன்பாட்டு வகை, விற்கக் கட்டுப்பாடு உண்டா, மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதெல்லாம் அதில் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து ஜோகூரில் வீடு பார்க்க வரும் நண்பர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடியுரிமை இல்லாதவர் நிலம் வாங்க, சட்டத்தின் 433பி பிரிவின்படி மாநில அரசின் ஒப்புதல் தேவை.

நான் பெருமையோடு இதைப் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். “நம்ம சிஸ்டம்தான் பெஸ்ட், பெரியப்பா.” பிறகுதான் நம்மூர் வழக்குகளைப் படித்தேன்.

*

பினாங்கின் தஞ்சோங் பூங்காவில் நிலம் வைத்திருந்த ஒரு பெண்மணி தாய்லாந்தில் வாழ்ந்துவந்தார். எண்பதுகளின் இறுதியில் வேறொரு பெண் தன்னை அவர் என்று சொல்லிக்கொண்டு, கெரான் தொலைந்துவிட்டதாகச் சத்தியப் பிரமாணம் செய்து, நிலத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். வாங்கிய நிறுவனத்துக்கு மோசடி தெரியாது. அடோர்னா வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு இது. 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், நல்லெண்ணத்தோடு வாங்கிப் பதிவு செய்தவருக்கே நிலம் என்றது. தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்தப் பெண்மணி இறந்துவிட்டார்.

340-ஆவது பிரிவில் போலிக் கையெழுத்து ஒரு விதிவிலக்காகத் தெளிவாகவே இருக்கிறது. இருந்தும் சுமார் ஒன்பது வருடம் அந்தத் தீர்ப்புதான் நாட்டின் சட்டம். 2010 சனவரியில், குவாந்தானில் போலி அதிகாரப் பத்திரத்தை வைத்து அடமானம் போன ஒரு நிலத்தின் வழக்கில், கூட்டரசு நீதிமன்றமே முந்தைய தீர்ப்பு தவறு என்று திருத்திக்கொண்டது. போலிப் பத்திரத்தின் மூலம் நேரடியாக வாங்கியவருக்குப் பாதுகாப்பு இல்லை, அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கும் அடுத்தவருக்கே உண்டு என்பது இன்றைய நிலை. அதாவது நிலம் இரண்டாவது கைக்குப் போய்விட்டால் உண்மையான சொந்தக்காரருக்கு அது திரும்பாமல் போகலாம். டோரன்ஸ் வைத்த ஈட்டு நிதியை நம் சட்டம் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இன்னொரு வழக்கு என் வேலைக்கு நெருக்கமானது. 1995-இல் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக டிங்கிலுக்குப் பக்கத்தில் புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. அவர்களிடம் கெரான் இல்லை. ஆகவே பயிருக்கும் வீட்டுக்கும் மட்டும் இழப்பீடு, நிலத்துக்கு இல்லை என்றார்கள். சாகோங் தாசி வழக்கில் 2002-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றமும், 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், ஏட்டில் இல்லாவிட்டாலும் அந்த நிலத்தில் அவர்களுக்கு மரபுரிமை உண்டு என்று சொன்னன. அந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். என் வரைபடங்களில் ஒவ்வொரு லோட்டுக்கும் எண் உண்டு. எண் இல்லாத இடத்தில் ‘அரசு நிலம்’ என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்து நான் ஒருபோதும் நின்றதில்லை.

அடிலெய்டிலும் இதே கதைதான். தெற்கு ஆஸ்திரேலியாவை நிறுவிய 1836-ஆம் ஆண்டின் அரச சாசனம், அங்குள்ள பூர்வகுடிகள் தங்கள் நிலத்தில் வாழும் உரிமையைப் பாதிக்காது என்று ஒரு வரி எழுதியிருந்தது. டோரன்ஸின் சுத்தமான ஏடு திறக்கப்பட்டபோது அந்த மக்களுக்கு அதில் பக்கம் இல்லை.

எந்த முறையானாலும், தனக்கு முன்னால் வந்து நின்றவர்களைத்தான் ஏடு எழுதிக்கொள்கிறது. வராதவர்களைப் பற்றி அதற்குத் தெரியாது. பத்திர முறை “எனக்குத் தெரியாது” என்று ஒப்புக்கொள்கிறது. டோரன்ஸ் முறையில் அந்த ஒப்புதலும் இல்லை.

*

எங்கள் சுங்கை சிப்புட்காரர் ஒருவர் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். பேராசிரியர் உங்கு அசீஸ் இந்தத் தோட்டத் துண்டாடலைப் பற்றி விரிவாக ஆய்வு செய்திருக்கிறார். ஏட்டில் பெயர் மாற ஒரு நாள் போதும். ஆனால் அந்த ஏட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்தன.

அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்தார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். ஆண்டு 1961. சம்பந்தன் செய்ததைப் பற்றிப் பல விமர்சனங்கள் உண்டு. ஆனால் தனித்தனியாக ஏட்டுக்குள் நுழைய முடியாதவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெயராக நுழையலாம் என்று கண்டது சாதாரண விஷயம் இல்லை.

தாத்தாவும் அந்தப் பத்து வெள்ளி கட்டியிருக்கலாம். கட்டவில்லை. “ஊர்ல நிலம் வாங்கிட்டு இருக்கேனே, இங்க எதுக்கு?” என்றாராம். பாட்டி கடைசிவரை சொல்லிக் குறைபட்டுக்கொண்ட வாக்கியம் அது.

*

பெரியப்பாவும் நானும் போன வருடக் கடைசியில் திருச்சிக்குப் போனோம். அவரிடம் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. அது இருந்தால் வீட்டு மனையோ வீடோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. மனை என்று விளம்பரம் செய்வது ஏட்டில் இன்னும் நஞ்சையாக இருந்தால் முதல் படியிலேயே கதை முடிந்தது. அதைத்தான் முதலில் பார்த்தோம். மனைப்பிரிவுக்கு அரசு அங்கீகாரம் இருந்தது.

உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் எங்களுக்காக ஆவணங்களைப் பார்த்தார். விற்கிறவருக்கும் தரகருக்கும் அறிமுகம் இல்லாத ஆளாகத் தேடிப் பிடித்தோம். அவர் போன வழி எனக்குப் பிடித்திருந்தது. முதலில் மூலப்பத்திரம். அதிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு கைமாற்றமும். அதற்கு ஒத்து வில்லங்கச் சான்று. இணையத்தில் கிடைக்காத பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத் தேடல். பிறகு பட்டாவும் ‘அ’ பதிவேடும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். புறம்போக்கா, கோயில் நிலமா, வக்ஃபு நிலமா, 1892 அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டு மற்றவர் வாங்கக் கூடாத பஞ்சமி நிலமா என்று பார்த்தார். அதிகாரப் பத்திரம் வைத்து விற்றால் அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் கேட்பாராம். புலப்படத்தை என்னிடம் கொடுத்து, “சார், இது உங்க வேலை” என்றார். நாடாவைப் பிடித்து அளந்தேன். கற்கள் சரியாகவே இருந்தன.

கடைசியாக அவர் கேட்டது வாரிசுச் சான்றிதழ். விற்கிற மூன்று சகோதரர்களின் அப்பா உயில் எழுதாமல் இறந்தவர். மூவரும் பாகப்பிரிவினை செய்து பதிந்திருந்தார்கள். பட்டாவும் மூவர் பெயருக்கு மாறியிருந்தது. வில்லங்கச் சான்றில் ஒரு கறை இல்லை. வாரிசுச் சான்றிதழை மட்டும் தரகர் இரண்டு வாரம் இழுத்தடித்தார். நாங்கள் திரும்பி வந்த பிறகு வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் நான்கு பெயர்கள். நான்காவது ஒரு மகள். கல்யாணமாகி மும்பையில் இருக்கிறாராம்.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாத அப்பாவின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகன்களைப் போலவே சம பங்கு உண்டு. வருவாய்த் துறையின் ஒரு தாளில் இருந்த அந்தப் பெயர் பதிவுத் துறையின் பத்திரத்தில் இல்லை. சார்பதிவாளர் கேட்கவில்லை. கேட்பது அவர் வேலையும் இல்லை. தரகர் தொலைபேசியில் சிரித்தார்.

“அது ஒன்னும் பிரச்சினை இல்லைங்க. கல்யாணத்துக்கே நகை போட்டு அனுப்பிட்டாங்க. அந்தம்மா வந்து கேக்கமாட்டாங்க.”

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். கிள்ளானில் அவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தோம். இபிஎஃப் பணம், ஓய்வுக்காலக் கனவு எல்லாம் அந்த மனையில் இருந்தன. மற்ற எல்லாத் தாளும் சரியாக இருந்தன. அந்தப் பெண் ஒருவேளை உண்மையிலேயே வராமல் போகலாம். சட்டச் சிக்கல் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் பெரியப்பா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“அந்தத் தங்கச்சி கையெழுத்துப் போட்டு விடுதலைப் பத்திரம் கொடுத்தா சொல்லுங்க. இல்லேன்னா வேணாங்க.”

வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். “நம்ம அப்பா வந்து கேக்கமாட்டாருன்னுதானேடா அவங்களும் நெனச்சாங்க.”

வெளிநாட்டில் நிலம் வாங்குகிறவர்கள் ஏட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லித்தான் எல்லோரும் ஆலோசனை சொல்வார்கள். பார்க்க வேண்டும். யார் பெயர் இருந்திருக்க வேண்டும், ஏன் இல்லை என்றும் கேட்க வேண்டும். கப்பலேறிப் போனவர், கல்யாணமாகிப் போனவர், காட்டில் இருப்பவர் என்று அவர்களை ஏட்டின் ஓரத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

மும்பையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. பெரியப்பா காத்திருக்கிறார்.